குறுஞ்செய்தியும் இலக்கண வரம்பும்

சொல்லவந்த பொருளைச் சில சொற்களில் அடக்கிக் கூறுதல் அறிவுடையோர்க்கு அழகெனத் தமிழ் மரபு நெடுங்காலமாகக் கொண்டு வந்துள்ளது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை அதற்கடுத்ததாகவும் எண்ணுகின்றது. பத்துக் குற்றங்களை எண்ணுமிடத்தோ குன்றக் கூறலை முதற்கண் வைத்து, மிகைபடக் கூறலை அதன் பின்னர் வைக்கின்றது. எனவே, சுருக்கம் வேறு, குறைவு வேறு என்பது பெறப்படும். முன்னது அழகு, பின்னது குற்றம். இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை யாது என்னும் பழைய வினா, கையடக்கத் தொலைபேசியிற் குறுஞ்செய்தி எழுதும் வழக்கம் பரவியதன் பின்னர் உலகெங்கும் மீண்டும் எழுந்துள்ளது. குறுஞ்செய்தியிற் பயிலும் சொற்குறுக்கங்கள் இலக்கணத்தைச் சிதைத்து இளைஞரின் எழுத்தாற்றலைக் கெடுக்கும் என்பார் ஒரு சாரார். மொழி காலத்திற்கேற்ப மாறுமாதலின், அதனைக் குறைகூறுதல் வீண் என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கட்சியினர் கூற்றுக்களையும் சீர்தூக்கி நோக்குதல் பயனுடைத்து. ஆங்கிலம் பயிலும் மாணவர்க்கு இல்லாத ஓர் இடர் இதன்கண் தமிழ் மாணவர்க்கு உண்டாதலின், அந்நோக்கு இன்றியமையாததுமாகும்.

குறுஞ்செய்தி ஏன் குறுகியதாயிற்று என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1985 ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பொன் நகரில், பிறீடெல்ம் ஹில்லபிராண்டு என்னும் தொடர்பியல் அறிஞர் தட்டச்சுப் பொறியின் முன்னமர்ந்து, மனத்தில் எழுந்த வாக்கியங்களையும் வினாக்களையும் அடித்து, அவற்றிலுள்ள எழுத்துக்களையும் குறிகளையும் இடைவெளிகளையும் எண்ணிப் பார்த்தார். அவற்றுட் பெரும்பாலானவை 160 என்னும் எண்ணிக்கைக்குள் அடங்கின. ஒரு செய்திக்கு அவ்வளவு போதும் என அவர் துணிந்தார். ஒரு செய்திக்கென வகுக்கப்பட்ட இடம், பூச்சியமும் ஒன்றுமாகிய இருமக் குறிகள் 1120 கொண்டது. ஓர் ஆங்கில எழுத்துக்கு 7 இருமக் குறிகள் வேண்டப்படுதலின் 160 எழுத்துக்கள் அதனுள் அடங்கும். 1992 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆந் தேதி, நீல் பாப்வேர்த்து என்னும் இளம் பொறியியலாளர் இங்கிலாந்தில் ஒரு கணினியிலிருந்து கையடக்கத் தொலைபேசியொன்றுக்கு முதலாவது குறுஞ்செய்தியை அனுப்பினார். அது நத்தார் வாழ்த்து. அதன் இரு சொற்களும் ஓரெழுத்தும் குறையாமல் முழுமையாகவே எழுதப்பட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது.

குறுக்கம் பின்னரே வந்தது. அக்காலத் தொலைபேசிகளில் எழுத்துக்களுக்கெனத் தனிப் பொத்தான்கள் இல்லை. இலக்கப் பொத்தான் ஒவ்வொன்றும் மூன்று அல்லது நான்கு எழுத்துக்களைத் தாங்கி நின்றது. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'எஸ்' என்னும் எழுத்தைப் பெறுதற்கு ஏழாம் பொத்தானை நான்கு முறை அழுத்தல் வேண்டும். செய்தி ஒவ்வொன்றிற்கும் கட்டணமும் உண்டு. ஆகவே, எழுதுவோர் உயிரெழுத்துக்களை விடுத்து மெய்யெழுத்துக்களை மாத்திரம் எழுதினர். ஒரு சொல்லுக்குப் பதிலாக அச்சொல்லைப் போல ஒலிக்கும் தனியெழுத்தொன்றை இட்டனர். எட்டு என்னும் இலக்கத்தின் ஆங்கில ஒலியைப் பிற சொற்களின் ஈற்றசையாகப் பயன்படுத்தினர். இவற்றையெல்லாம் சோம்பல் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. இடநெருக்கடி, கட்டணம், விரலின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தோற்றுவித்த வழக்கம் அது.

இத்தகைய வழக்கம் புதியதும் அன்று. உரோமப் பேரறிஞர் சிசரோவின் செயலாளராயிருந்த ரைரோவின் பெயரால் வழங்கிய சுருக்கெழுத்து முறை, ஐரோப்பிய மடங்களிற் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. தமிழிலும் உரையாசிரியர் நூல்களைப் பயின்றோர் 'இ-ள்' என்பதை இதன் பொருள் எனவும், 'எ-று' என்பதை என்றவாறு எனவும் தடையின்றி விரித்துக் கொள்வர். பழைய உறுதிகளையும் கணக்கேடுகளையும் எழுதியோர் நாளுக்கு ௳ எனவும், மாதத்திற்கு ௴ எனவும், வருடத்திற்கு ௵ எனவும், மேற்படி என்பதற்கு ௸ எனவும் தனிக் குறியீடுகள் கையாண்டனர். குறுஞ்செய்திக் காலத்துப் பிள்ளை எனப் பலரும் எண்ணும் 'ஓ.எம்.ஜி.' என்னும் ஆங்கிலக் குறுக்கம், 1917 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் பிரித்தானியக் கடற்படைத் தளபதி பிஷர் பிரபு, வின்ஸ்ரன் சேர்ச்சிலுக்கு எழுதிய கடிதமொன்றிற் காணப்படுகின்றது. ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி 2011 ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக் கொண்டது. பிஷர் பிரபு அக்குறுக்கத்தை எழுதியவுடன் அதன் விரிவையும் பிறைக் கோட்டுக்குள் எழுதி வைத்தார். புதிய குறுக்கம் ஒன்றைப் படைப்பவன் அதன் திறவுகோலையும் வாசகன் கையிற் கொடுத்தல் வேண்டும் என்னும் நெறி அச்செயலில் அமைந்து கிடக்கின்றது.

திறவுகோல் இருவர் கையிலும் இருந்தும், குறுக்கம் பெருங்கேடு விளைத்தமைக்குத் தந்தியின் வரலாறு சான்று பகரும். தந்திக்குச் சொல் எண்ணிக் கட்டணம் அறவிட்டமையால், வணிகர் ஒரு வாக்கியம் முழுவதையும் ஒரு சொல்லால் உணர்த்தும் குறிச்சொல் நூல்களைக் கையாண்டனர். 1887 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிராங்கு பிரிம்ரோஸ், கன்சாஸ் மாநிலத்திலிருந்த தம் முகவருக்கு ஒரு தந்தி அனுப்பினார். அதில் வந்த 'பே' என்னும் குறிச்சொல்லுக்கு, 'வாங்கிவிட்டேன்' என்பது அவர்கள் வகுத்த பொருள். வழியில் அச்சொல்லின் நடுவெழுத்து மாறி, வாங்குக எனப் பொருள்படும் 'பை' என்னும் ஆங்கிலச் சொல்லாக முகவரை அடைந்தது. தந்தி மொழியில் அவ்விரு எழுத்துக்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரேயொரு புள்ளி. ஆணை கிடைத்ததென எண்ணிய முகவர் ஏறத்தாழ 3,00,000 இறாத்தல் கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு 20,000 டொலருக்கு மேல் நட்டம் நேர்ந்தது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1894 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, தந்திக்குக் கட்டிய 1 டொலர் 15 சதத்திற்கு மேல் அவர் பெறுதற்கு உரிமையுடையவரல்லர். செய்தியை மறுமுறை அனுப்பி ஒத்துப் பார்க்கும் வசதிக்கு மேலும் சிறு தொகை கட்டியிருப்பின் அவ்விழப்பு நேர்ந்திராது.

முழு வாக்கியம் ஒன்றில் ஓரெழுத்து மாறினும் ஏனைய சொற்கள் அதனைத் திருத்திக் கொள்ள உதவும். ஒன்றைத் தாங்க மற்றொன்று நிற்கும் கட்டுக்கோப்பே இலக்கணமாகும். அதனைக் களைந்துவிட்டுத் தனிச்சொல்லை மாத்திரம் நம்பியிருக்குமிடத்து, ஒரு புள்ளியின் பிழையும் பொருளைத் தலைகீழாக்கவல்லது. இவ்வுண்மையை உணர்ந்தே, ஆறாம் நூற்றாண்டில் உரோமச் சட்டங்களைத் தொகுப்பித்த ஜஸ்ரினியன் பேரரசர், 533 ஆம் ஆண்டில் வெளியிட்ட சட்டத் தொகுப்பைப் படியெடுப்போர் சொற்குறுக்கங்களைக் கையாளலாகாது எனக் கட்டளையிட்டார். மீறினோர்க்குப் பொய்யாவணம் படைத்தோர்க்குரிய தண்டனை விதிக்கப்பட்டது.

தமிழ் இலக்கண நூலார் இவ்விடயத்தை நுணுகி வகுத்துள்ளனர். மக்கள் வாயில் நெடுங்காலம் வழங்கித் தேய்ந்து, தஞ்சாவூர் தஞ்சையானாற்போல, அனைவர்க்கும் பொதுவாகிவிட்ட குறுக்கத்தை மரூஉ என்றனர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மாத்திரம் வேறொரு பொருள்படக் கையாளும் சொல்லைக் குழூஉக்குறி என்றனர். இரண்டையும் அவர்கள் வழக்கினுள் அடக்கினரேயன்றிப் பிழையெனத் தள்ளவில்லை. ஆயினும், குழூஉக்குறி அக்குழுவின் எல்லையைக் கடந்தால் விளங்காது என்பது அதன் பெயரிலேயே பொதிந்துள்ளது. குறுஞ்செய்திக் குறுக்கங்களுள் மிகப் பல குழூஉக்குறியின் பாற்படும். தோழனுக்குத் தோழன் எழுதுமிடத்து அவை தகும். அதே செய்தி ஆசிரியருக்கோ அலுவலகத் தலைவருக்கோ முதிய உறவினருக்கோ செல்லுமாயின், குழூஉக்குறி ஊரெல்லை கடந்ததாக முடியும்.

தொகைச் சொற்கள் பற்றியும் இலக்கண நூலார் ஓர் எச்சரிக்கை தந்துள்ளனர். உருபு தொக்க தொடர் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளுக்கு இடந்தரும் என்பதே அது. 'மரவேலி' என்னும் தொடர் மரத்தாலாகிய வேலியையும் குறிக்கும். மரத்தைக் காத்தற்கு இட்ட வேலியையும் குறிக்கும். எது கருதப்பட்டது என்பதைச் சூழலே காட்டல் வேண்டும். நேரிற் பேசுவோர்க்கு முகமும் குரலும் சூழலைத் தருகின்றன. குறுஞ்செய்தியோ அவை யாவுமின்றித் தனியே சென்று சேர்வது. எனவே, சூழல் குறைந்த இடத்திற் சொல் நிறைந்திருத்தல் வேண்டும் என்பது அந்நூலார் கருத்தினின்றும் பெறப்படும் விதியாகும்.

இனி, குறுஞ்செய்தி மாணவரின் மொழியறிவைக் கெடுத்துவிட்டதா என்னும் வினாவிற்கு மேலைநாட்டு ஆய்வுகள் தரும் விடையை நோக்குவாம். 2003 ஆம் ஆண்டில் கிறிஸ்பின் தர்லோ என்பார், வேல்ஸ் நாட்டுப் பல்கலைக்கழக மாணவரின் 544 குறுஞ்செய்திகளை ஆராய்ந்து, அவற்றின் உள்ளடக்கத்தில் ஐந்திலொரு பங்கினும் குறைந்த அளவே குறுக்கங்களாயிருக்கக் கண்டார். பிரித்தானியாவின் கோவென்றிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெவர்லி பிளெஸ்ரரும் உடனாய்வாளரும், 10 முதல் 12 வயது வரையுள்ள 88 சிறுவரை ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. குறுக்கங்களை மிகுதியாகக் கையாண்ட சிறுவர் வாசிப்பிற் பின்தங்கியிருக்கவில்லை. சொல்வாசிப்பிலும் சொல்வளத்திலும் ஒலியுணர்விலும் மேம்பட்டே நின்றனர். அதனாற் குறுக்கமே அவர்களை மேம்படுத்தியது என முடிவு செய்தல் கூடாது. எனினும், ஆங்கிலச் சொல்லொன்றிலே எந்த எழுத்தை விட்டாலும் ஒலி நிலைக்கும் என்பதை அறிய, அச்சொல்லின் எழுத்தும் ஒலியும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். ஒழுங்கை அறிந்தவனே அதனோடு விளையாட வல்லவன்.

இடமறிந்து எழுதுதல் என்னும் நெறியை நியூசிலாந்தின் தேர்வு அதிகாரிகள் 2006 ஆம் ஆண்டிற் கடைப்பிடிக்க முயன்றனர். விடையின் பொருள் தெளிவாயிருப்பின் குறுஞ்செய்திக் குறுக்கங்களுக்காகப் புள்ளி குறைக்கப்படமாட்டாது எனவும், மொழித்திறனையே சோதிக்கும் வினாக்களில் அச்சலுகை இல்லை எனவும் அவர்கள் அறிவித்தமை அந்நாட்டிற் பெருஞ் சர்ச்சைக்கு இடமாயிற்று. முழுமையான எழுத்தும் இடத்திற்கேற்ப வேறு பொருள் தரும் என்பதை அமெரிக்காவின் பிங்காம்ரன் பல்கலைக்கழகத்தார் 2015 ஆம் ஆண்டிற் காட்டினர். அவர்கள் 126 மாணவரிடை நடத்திய ஆய்வில், அழைப்பொன்றுக்கு ஒரே சொல்லில் விடைகூறும் குறுஞ்செய்தி முற்றுப்புள்ளியுடன் முடியுமிடத்து, அஃதில்லாத செய்தியினும் நேர்மை குன்றியதாகக் கருதப்பட்டது. கையால் எழுதிய குறிப்பிலோ அவ்வேறுபாடு தோன்றவில்லை. ஆயினும், குறுக்கத்தின் பக்கமும் இழப்பு உண்டு. 2024 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, 5,000 பேருக்கு மேற்பட்டோரை எட்டுப் பரிசோதனைகளில் ஆராய்ந்து, குறுக்கங்கள் நிறைந்த செய்தியைப் பெறுவோர் எழுதியவர் சிறிதே முயன்றார் எனக் கருதி, அவர்மீது நம்பிக்கை குறைந்து, விடையெழுதவும் தயங்குகின்றனர் எனக் கண்டது. எழுதுவோன் மீதப்படுத்தும் உழைப்பை வாசிப்போன் செலவிட நேர்வதே இதன் காரணம் போலும்.

இதுகாறும் கூறியவை ஆங்கிலத்திற்கு உரியன. தமிழின் நிலை வேறு. முற்கூறிய 1120 இருமக் குறிகளுள், தமிழ் எழுத்துக்கு 7 அன்று, 16 வேண்டப்படும். ஆதலின் ஆங்கிலத்திற்கு 160 இடம் தரும் குறுஞ்செய்தி, தமிழுக்கு 70 இடமே தருகின்றது. மேலும், உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனி இடத்தைக் கொள்கின்றன. 'யாழ்ப்பாணம்' என்னும் சொல்லுக்கு இலக்கணப்படி எழுத்து 6. குறுஞ்செய்திக் கணக்கிலோ அது 11. இக்கணக்கினாலும், தொடக்ககாலத் தொலைபேசிகள் பலவற்றில் தமிழெழுத்து இன்மையாலும், தமிழர் தம் மொழியை உரோம எழுத்தில் எழுதத் தலைப்பட்டனர். அன்று அஃது இன்றியமையாத் தேவையாயிருந்தது. அதனைக் குற்றமெனல் அடாது.

ஆனால் இவ்வழக்கத்திற்கும் ஆங்கிலச் சிறுவனின் குறுக்கத்திற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. ஆங்கிலச் சிறுவன் தன் மொழியின் எழுத்துமுறையைச் சுருக்குகின்றான். உரோம எழுத்தில் எழுதும் தமிழ்ச் சிறுவன் தன் மொழியின் எழுத்துமுறையைக் கைவிடுகின்றான். முன்னவன் செய்தி எழுதுந்தோறும் தன் மொழியெழுத்தோடு பழகுகின்றான். பின்னவனுக்கு அப்பழக்கமே இல்லாது போகின்றது. ழகர ளகர லகர வேறுபாடும், குறில் நெடில் வேறுபாடும் அவன் கைக்கும் கண்ணுக்கும் படிப்படியாக அந்நியமாகும். கோவென்றி ஆய்வைக் காட்டித் தமிழ் மாணவர்க்கும் கேடில்லை என வாதிப்போர் இவ்வேற்றுமையைக் கருதுதல் வேண்டும்.

பொருள் மயக்கமும் சிறிதன்று. தமிழ் என்னும் பெயரை ஆங்கிலத்தில் எழுதுமிடத்தே ழகரம் லகரத்திற்குரிய எழுத்தாற் குறிக்கப்படுவது யாவரும் அறிந்ததே. அவ்வாறெழுதின், வழி, வலி, வளி, வாளி, வாலி ஆகிய ஐந்து சொற்களும் ஒரே நான்கு உரோம எழுத்துக்களில் அடங்கிவிடும். தொலைவில் நோயுற்றிருக்கும் தாயொருத்தி தன் மகனுக்கு 'வலியில்லை' என எழுதினால் அஃது ஆறுதற் செய்தி; 'வழியில்லை' என எழுதினால் அஃது அபயக் குரல். உரோம எழுத்தில் இரண்டும் ஒன்றே. எழுதியவளுக்குத் தன் கருத்துத் தெரியும். வாசிப்பவனுக்கு அதனை அறிய அவள் அருகில் இல்லை. இவ்விடத்துப் பிழை வணிகனின் பணத்தோடு நிற்பதன்று.

தமிழ்ச் சொல்லின் அமைப்பும் கருதத்தக்கது. ஆங்கில வினைச்சொல்லைக் குறுக்கினும், எழுவாய் தனிச்சொல்லாக நிற்றலின் செய்தவன் யாரென்பது பெரும்பாலும் கெடாது. தமிழிலோ திணை, பால், எண், இடம் ஆகியவற்றை வினைமுற்றின் விகுதி தாங்குகின்றது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் என்பவற்றின் இறுதியை வெட்டிவிட்டால், யார் வந்தார் என்பதும் மரியாதை என்பதும் ஒருங்கே மறையும். ஆசிரியரை 'வந்தார்' என்பதற்கும் தோழனை 'வந்தான்' என்பதற்கும் இடையேயுள்ள பண்பாடு முழுவதும் ஓரெழுத்திலேயே நிற்கின்றது.

எழுதுவோனின் வசதிக்காக எழுத்துக் குறைந்த காலமொன்று தமிழுக்கு முன்னரும் இருந்தது. பனையோலையில் எழுத்தாணியாற் புள்ளியிட்டால் ஓலை பொத்துப் போகுமென அஞ்சி, ஏடெழுதுவோர் எழுத்துக்களின் புள்ளியை விடுத்தனர். அதனாற் குற்றெழுத்துக்களாகிய எகர ஒகரங்களும் நெட்டெழுத்துக்களாகிய ஏகார ஓகாரங்களும் ஒரே வடிவின ஆயின. எழுதினோர்க்கு எளிதாயிருந்த அவ்வழக்கம், பிற்காலத்தில் அவ்வேடுகளை வாசித்தோர்க்குப் பெரும் இடராயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்நெட்டெழுத்துக்களை வேறுபடுத்திக் காட்டும் வரிவடிவங்களை வகுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழைதிருத்தி அச்சேற்றுதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். நாவலர் தம் வசனநூல்களில், கற்கத் தொடங்குவோரும் எளிதில் வாசிக்குமாறு சந்தியைப் பிரித்தும், காற்புள்ளி முதலிய குறிகளை இட்டும் எழுதினார். வாசகனின் இடரை எழுதுவோன் தன் தோளில் ஏற்றுக்கொண்ட செயல் அது. ஓலையில் விடப்பட்ட புள்ளியை அச்சில் மீட்ட மரபினர், திரையில் அதனை மீண்டும் இழத்தல் தகுமோ என்பது சிந்தித்தற்குரியது.

இந்நாளில் அவ்விழப்புக்குப் பழைய காரணங்களும் இல்லை. 2009 ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் தோன்றியது முதலாக, இணையவழிச் செய்திகள் எழுத்தெண்ணிக் கட்டணம் பெறும் முறையைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன. தமிழ் விசைப்பலகை இக்காலத் திறன்பேசிகளில் அமைந்துள்ளது. சொல்லின் தொடக்கத்தை எழுதினால் முழுச்சொல்லையும் அதுவே எடுத்துக் காட்டும்; வாயாற் கூறினும் எழுதிக் கொள்ளும். காரணம் நீங்கிய பின்னும் காரியம் நிற்குமாயின், அது வெறும் பழக்கமே.

ஆகவே, சொற்குறுக்கம் முற்றாக விலக்கத்தக்கதென்றோ, இலக்கணம் காலங்கடந்ததென்றோ கூறுதல் இரண்டும் பொருந்தா. குறுக்கத்தின் விரிவு வாசிப்போன் கையில் உள்ளதா, பிழை நேரின் அதனைத் திருத்தும் சூழல் உள்ளதா, எழுதப்படுபவர்க்கும் எழுதுவோனுக்கும் இடையேயுள்ள முறைமைக்கு அது தகுமா என்னும் மூன்று வினாக்களுக்கும் ஆம் என விடை கிடைக்குமிடத்துக் குறுக்கம் அழகேயாம். ஒன்றிற்கேனும் அன்று என விடை வருமிடத்துச் சொல்லை முழுமையாக எழுதுதல் கடன். நோய், பணம், பயணம், தேர்வு, துக்கம் ஆகியன பற்றிய செய்திகள் என்றும் இரண்டாம் வகையைச் சார்ந்தன.

மாணவர் இதனைப் பழகுதற்குப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. நாடோறும் எழுதும் செய்திகளுட் சிலவற்றையேனும் தமிழெழுத்தில், முற்றுப்பெற்ற வாக்கியமாக எழுதி, அனுப்புமுன் ஒருமுறை பெறுவோர் கண்கொண்டு வாசித்துப் பார்ப்பின் அதுவே போதிய பயிற்சியாகும். விரல் விடும் ஒரு புள்ளிக்கு எழுதுவோன் செலவிடுவது ஒரு நொடி. அதனை விட்டுவிடின், வாசிப்போன் எவ்வளவு இழப்பான் என்பதை எழுதியவன் அறியான்.